9 ஹிட் பாயிண்ட் மாவீரன்: கற்பனை நகரத்தில் குடியேறுபவருக்கு ஒரு வழிகாட்டி

கற்பனை ஆளாக நடித்து ஆடும் ரோல்-பிளேயிங் ஆட்டம் குகைக்குள் நடந்தால் அதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அங்கே அடித்துப் போட்ட பூதம் மறுநாள் வந்து பாக்கி கேட்காது. நகரத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. விடுதிக்காரம்மா அடுத்த வாரமும் அதே கல்லாவில்தான் உட்கார்ந்திருப்பார். வாயிற்காவலன் உங்கள் முகத்தை மறக்க மாட்டான். ரோல்-பிளேயிங் ஆட்டத்தில் சிரிப்புச் சாகசக்காரனாக வாழ ஆசைப்படுகிறவர்களை நகரத்துக்குப் போகச் சொல்வது அதனால்தான். காட்டில் சறுக்கி விழுந்தால் அடி மட்டும்தான் படும். சந்தையில் விழுந்தால் அதற்கு ஒரு பட்டப்பெயரும் கிடைக்கும்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்காக நாலு வரி. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். உலகத்தையும் அதில் இருக்கும் மற்ற எல்லாரையும் அவர் பேசுவார். நீங்கள் ஒரே ஒரு ஆளைப் பேசுவீர்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகமான காரியத்துக்கு இருபது முக டைஸை உருட்டி, உங்கள் திறமைக்கான எண்ணைக் கூட்டிச் சொல்ல வேண்டும். சுலபமான காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 வந்தால் போதும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கெல்லாம் ஆரம்பம். கீழே நான் சொல்லும் எண்கள் அதன் 5-ஆம் பதிப்பிலிருந்து, 2014-ல் வந்த விதிப்புத்தகத்திலிருந்து. 2024-ல் வந்த திருத்திய பதிப்பில் சில மாறியிருக்கின்றன. உங்கள் டி.எம். எதை வைத்து ஆடுகிறாரோ அதுவே சட்டம். புத்தகம் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. 2023 ஜனவரியில் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள்.

முதல் படி: ஆளைச் செய்வது

வலிமை, வசீகரம் மாதிரி ஆறு திறன்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களைப் பிரித்துக் கொடுக்கலாம். புதியவர்கள் அந்த 8-ஐ எங்கே ஒளித்து வைப்பது என்று தவிப்பார்கள். ஒளிக்காதீர்கள். உங்கள் சோறே அந்த 8-தான்.

என்னுடைய ஆள் இடிமுழக்கன். பாட்டுக்காரன், ஆட்ட மொழியில் பார்ட். இனத்துக்குக் கிடைக்கும் கூட்டல் 2-ஐச் சேர்த்து வசீகரம் 17, வலிமை 8. பெயரைக் கேட்டால் மலையைப் பெயர்ப்பவன் மாதிரி இருக்கும். கதவைத் தள்ளச் சொன்னால் டைஸில் விழுந்ததிலிருந்து 1 கழித்துக்கொள்ள வேண்டும். ஹிட் பாயிண்ட், அதாவது எத்தனை அடி தாங்குவான் என்ற கணக்கு, மொத்தம் 9. ஆனால் தன்னை மாவீரன் என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான்.

அந்த நம்பிக்கைதான் முக்கியம். சிரிப்புக் கேரக்டர் என்றதும் பலர் வாய்க்கு வாய் ஜோக் அடிக்கும் ஆளைச் செய்துகொண்டு வருகிறார்கள். மூன்றாவது செஷனில், அதாவது மூன்றாவது முறை கூடி ஆடும்போது, எல்லாருக்கும் தலைவலி. பெயரிலேயே சிலேடை வைத்தால் அந்தச் சிலேடை முதல் அரைமணி நேரத்தில் செத்துவிடும், பெயர் மட்டும் ஒரு வருடம் கூடவே வரும். உங்கள் ஆளுக்குத் தான் வேடிக்கையானவன் என்று தெரியக்கூடாது. அவன் முழு மூச்சாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தவறான காரியத்தைச் செய்ய வேண்டும். சிரிப்பது மேசையைச் சுற்றி இருப்பவர்கள் வேலை.

இன்னொன்று. ஏதாவது ஒரு விஷயத்தில் அவன் உண்மையிலேயே கெட்டிக்காரனாக இருக்கட்டும். எதற்குமே உதவாதவனை எந்தக் கூட்டம் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலையும்? இடிமுழக்கன் பேச ஆரம்பித்தால் எதிரி வாளை உறையில் போடுவான். அதற்காகத்தான் அவனை வைத்திருந்தார்கள்.

இரண்டாம் படி: ஒரு குறை

ஆளின் விவரங்களை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட்டில் குறை என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதில் ‘கோபக்காரன்’ என்று எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். நகர ஆட்டத்தில் அந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். குறை சின்னதாக, தினசரி வாழ்க்கையில் அடிக்கடி மாட்டிக்கொள்ளக் கூடியதாக இருக்கட்டும். ‘இருளைக் கண்டு பயம்’ குகைக்கு நல்லது. நகரத்துக்கு ஆகாது, அங்கேதான் தெருவுக்குத் தெரு விளக்கு இருக்குமே.

நான் எழுதியது இது: ‘விலை கேட்பது கௌரவக் குறைச்சல்.’ கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான், எவ்வளவு என்று மட்டும் கேட்க மாட்டான். இந்த ஒரே வரியில் ஆறு மாத ஆட்டம் ஓடியது.

குறையை ஒழுங்காக நடித்துக் காட்டினால் டி.எம். உங்களுக்கு ‘இன்ஸ்பிரேஷன்’ கொடுக்கலாம். அது கையில் இருந்தால், ஒரு முறை இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஆக, முட்டாள்தனத்துக்கு விதிப்புத்தகத்திலேயே சம்பளம் உண்டு.

பின்னணியையும், அதாவது சாகசத்துக்கு வரும் முன் உங்கள் ஆள் என்னவாக இருந்தான் என்பதையும், நகரத்துக்கு ஏற்றபடி பாருங்கள். தெருப்பிள்ளையாக வளர்ந்தவனுக்குக் கையில் 10 தங்கக் காசு, ஊர் வரைபடம், ஒரு செல்ல எலி. சந்து பொந்து தெரியும் என்பதால், சண்டை இல்லாத நேரத்தில் ஊருக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மற்றவர்களைப்போல் இரு மடங்கு வேகத்தில் போவான். எத்தனுக்குப் போலி ஆவணங்களோடு இரண்டாவது அடையாளம் உண்டு. இரண்டு பெயரில் ஒரே விடுதியில் கடன் வாங்கலாம், மாட்டும் வரை. கைவினைச் சங்கத்துக்காரன் மாதம் 5 தங்கம் சந்தா கட்ட வேண்டும். பதிலுக்குச் சங்கம் தங்க இடம் கொடுக்கும், வழக்கு வந்தால் ஆதரவாக நிற்கும். அடிக்கடி வழக்கு வரும் ஆள் என்றால் இதுதான் லாபம். கலைஞன் தினமும் பாடினால் விடுதியில் சோறும் படுக்கையும் இலவசம். நான் கலைஞனை எடுத்தேன், கையில் 15 தங்கம். வாடகைக் கவலையே இல்லை என்று நினைத்தேன். ஆடு வரும் வரைக்கும்.

மூன்றாம் படி: ஊரைப் பற்றி மூன்று கேள்வி

ஊருக்குள் காலடி வைக்கும் முன்னே டி.எம்.-மிடம் கேட்டுவிடுங்கள். ஆயுதத்தோடு தெருவில் நடக்கலாமா? மந்திரம் போடுவது குற்றமா? வரி வாங்குவது யார்? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் முதல் வாரம் சிறைக்குப் போகாமல் தப்பலாம். சிறைக்குப் போவதும் சுவாரசியம்தான். ஆனால் தெரிந்து போகவேண்டும்.

டி.எம். சொந்தமாக ஊர் கட்டியிருக்கலாம், இல்லை ஏற்கெனவே இருக்கும் ஊரை எடுத்திருக்கலாம். எட் கிரீன்வுட் உருவாக்கிய ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் வாட்டர்டீப் என்று ஒரு பெரிய துறைமுக நகரம் உண்டு. அங்கே ‘யானிங் போர்ட்டல்’ என்ற மதுவிடுதியின் நட்டநடுவே ஒரு ராட்சசக் கிணறு. உள்ளே இறங்கினால் பாதாளச் சுரங்கம். கயிற்றில் கட்டி இறக்கிவிட 1 தங்கம், மேலே தூக்கிவிட 1 தங்கம். எல்லாரும் இறங்கும் காசை மட்டும் எடுத்து வைப்பார்கள். ஏறும் காசை இடுப்பில் தனியாக முடிந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: காசுக் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் நகரத்தில் சாகசக்காரனைக் கொல்வது டிராகன் இல்லை, செலவு.

1 தங்கக் காசு என்பது 10 வெள்ளி, அல்லது 100 செம்பு. படு கேவலமாக, சாக்கடை ஓரத்தில் வாழக் காசே வேண்டாம். அதற்கு மேலே அழுக்கு வாழ்க்கைக்கு நாளுக்கு 1 வெள்ளி, ஏழை வாழ்க்கைக்கு 2 வெள்ளி, சுமாரான வாழ்க்கைக்கு 1 தங்கம், வசதிக்கு 2, செல்வாக்குக்கு 4, பிரபு வாழ்க்கைக்கு 10-லிருந்து ஆரம்பம். 15 தங்கத்தோடு வருகிறவன் வசதியாக வாழ்ந்தால் எட்டாம் நாள் மதியம் தெருவில் நிற்பான்.

ஒரு நீள்வாள் 15 தங்கம். இரும்புத் தகட்டுக் கவசம் 1500. சுமாராக வாழ்கிற ஒருவன் நாலு வருடம் சாப்பிட்டுத் தூங்கும் காசு அது. அதைச் சம்பாதித்தாலும் சுமப்பது வேறு விஷயம். 50 காசு ஒரு பவுண்டு எடை, 1500 காசு 30 பவுண்டு. அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தை வழியாக ‘சும்மா நடந்து போகிறேன்’ என்று முகத்தை வைத்துக்கொள்ள நடிப்புத் திறமை வேண்டும்.

சண்டையில் பிடுங்கிய ஆயுதங்களை விற்றால் நல்ல நிலையில் இருந்தால்கூடப் பாதி விலைதான் தருவார்கள். நவரத்தினங்களுக்கு மட்டும் முழு விலை. அதனால் பூதத்தின் கோடரியை இழுத்துக்கொண்டு வராமல் அதன் காதில் இருக்கும் கல்லைப் பாருங்கள்.

வேலை செய்யலாமே என்று கேட்பீர்கள். தாராளமாக. சாகசம் இல்லாத நாட்களில் ஏதாவது தொழில் பார்த்தால் சுமாரான வாழ்க்கைக்குக் கட்டுப்படியாகும். ஆடல் பாடலில் தேர்ச்சி இருந்தால் நாளுக்கு 4 தங்கம் பெறும் செல்வாக்கு வாழ்க்கையே நடத்தலாம். சாகசத்தை விட்டுவிட்டுப் பாடிக்கொண்டே இருந்தால் இன்னும் நன்றாக வாழலாம் என்பது விதிப்புத்தகமே ஒத்துக்கொண்ட உண்மை. இதை உங்கள் ஆளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: சாமான் வாங்குவது

50 அடிச் சணல் கயிறு, 1 தங்கம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பந்தம் ஒன்று 1 செம்பு. சாக்குக்கட்டி 1 செம்பு. 10 அடிக் கழி ஒன்று 5 செம்புக்குக் கிடைக்கும். குகையில் பொறி இருக்கிறதா என்று குத்திப் பார்க்க அது உதவும். நகரத்தில் அதை எடுத்துக்கொண்டு ஒரு விடுதிக் கதவுக்குள் திரும்பிப் பாருங்கள், வேறு நகைச்சுவையே தேவைப்படாது.

காயம் ஆற்றும் மருந்து 50 தங்கம். முதல் லெவலில், அதாவது ஆள் புதிதாக இருக்கும் ஆரம்ப நிலையில், அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம்.

நான் சிபாரிசு செய்வது சின்னஞ்சிறு இரும்பு உருண்டைகள். ஒரு பையில் ஆயிரம், விலை 1 தங்கம். துரத்துகிறவர்கள் முன்னால் கொட்டினால் 10 அடிக்கு 10 அடி இடம் முழுக்க உருளும். மிதிக்கிறவர்கள் சமாளிப்புக்கு டைஸ் உருட்டி 10 எடுக்காவிட்டால் கீழே விழுவார்கள். மெதுவாக, பாதி வேகத்தில் நடந்தால் விழாமல் தாண்டலாம். கொட்டும் முன்னே பின்னால் ஓடி வருகிறவர்கள் எல்லாரும் எதிரிகள்தானா என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். எங்கள் கூட்டத்தின் கவசம் போட்ட பெரியவர் எப்போதும் கடைசியாகத்தான் ஓடி வருவார். அன்று காவலர்கள் மெதுவாக, பொறுமையாக, அவரைத் தாண்டி நடந்து வந்தார்கள்.

அப்புறம் ஆடு. ஒரு ஆட்டின் விலை 1 தங்கம் என்று விதிப்புத்தகத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. சந்தையில் கால்நடை ஏலம் நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் எங்கள் கூட்டத்து மந்திரவாதி நிற்பதைப் பார்த்து, “இங்கே இருக்கிறேன்!” என்று கையை உயர்த்தினேன். டி.எம். ஒரு கணம் பேசாமல் என்னைப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டி, “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்றார். எவ்வளவு என்று கேட்க என் ஆளுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஆட்டை விடுதிக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

“தம்பி, இது என்ன?” என்றார் விடுதிக்காரம்மா.

“வீரத்துணை, அம்மா.”

“உங்க வீரத்துணை தாழ்வாரத்தில் புழுக்கை போட்டிருக்கு.”

“போருக்கு முன் அது அப்படித்தான் செய்யும்.”

டி.எம். டைஸை என் பக்கம் தள்ளினார். வேண்டிய எண் 15. பேச்சுத் திறமைக்கு எனக்குக் கூட்டல் 5 உண்டு, 10 விழுந்தால் போதும். விழுந்தது 4. மொத்தம் 9.

இந்த இடத்தைப் புதிய டி.எம்.-களும் கவனிக்க வேண்டும். தோற்றுவிட்டான், ஆட்டோடு வெளியே போ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எங்கள் டி.எம். அப்படிச் செய்யவில்லை. விடுதிக்காரம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: “சரி, இருக்கட்டும். நீங்க பாடுறீங்க, உங்களுக்கு இலவசம். ஆடு பாடாதில்லையா? அது தனி விருந்தாளி.” நோட்டை எடுத்தார், கையெழுத்துக் கேட்டார். சுமாரான அறைக்கு நாள் வாடகை 5 வெள்ளி. நான் விலை கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 10 வெள்ளிக்கு வாங்கிய ஆடு இரண்டே நாளில் தன் விலையை வாடகையாகத் தின்றுவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

ஆறாம் படி: காவலர்கள்

சின்னப் படி, ஆனால் உயிர் காக்கும். சாதாரணக் காவலன் ஒருவனுக்கு 11 ஹிட் பாயிண்ட். உங்களைவிட அதிகம். அவனை அடிக்க 16 எடுக்க வேண்டும். என் மாவீரனுக்குத் தாக்குதலில் கூட்டல் 4, அதாவது டைஸில் குறைந்தது 12 விழ வேண்டும், பாதி நேரம்கூட விழாது. அவனுடைய ஈட்டி இரண்டு முறை நன்றாகப் பட்டால் நான் தரையில். அப்புறம் அவன் தனியாகவும் வருவதில்லை.

கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்கிற கதையாக, முதல் லெவலில் ஊர்க்காவலை எதிர்ப்பவர்களை வருடத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். பேசுங்கள், ஓடுங்கள், காலில் விழுங்கள். வாளை மட்டும் உருவாதீர்கள். பார்ட் என்றால் வசையையே ஆயுதமாக வீசும் ஒரு சின்ன மந்திரம் இருக்கிறது. எதிரிக்கு நீங்கள் திட்டுவது காதில் விழுந்தால் போதும், மொழி புரியவேண்டும் என்றுகூட இல்லை. அவன் டைஸ் உருட்டிச் சமாளிக்காவிட்டால் 4 முக டைஸ் அளவுக்கு அடி படும். திட்டியே ஒருவனைச் சாய்க்கலாம். காவலனிடம் அதையும் முயலாதீர்கள், அடிபட்டால் அவனும் ஈட்டியைத்தான் எடுப்பான்.

இருபது விழுந்தால் எதுவும் நடக்கும் என்ற நம்பிக்கையும் புதியவர்களிடம் உண்டு. தாக்குதலில் மட்டும்தான் 20 நிச்சயமாகப் படும், 1 நிச்சயமாகத் தவறும். பேச்சுக்கும் திருட்டுக்கும் விதிப்படி அப்படிச் சலுகை இல்லை. 20 போட்டாலும் மன்னர் உங்களுக்குக் கிரீடத்தைக் கழற்றிக் கொடுக்க மாட்டார். அதிகம் போனால் சிரித்துவிட்டு, உயிரோடு போகவிடுவார்.

ஏழாம் படி: ஊருக்குள் மந்திரம்

மந்திரங்களின் விளக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். சொல்லவந்த எல்லாவற்றிலும் எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் நான் படிக்கவில்லை.

உருவம் மாற்றும் மந்திரம் ஒரு மணி நேரம் நிற்கும். ஆனால் அது வெறும் தோற்றம். மந்திரத்தால் தலையில் தொப்பி வைத்துக்கொண்டால், யாராவது அதைத் தொட வந்தால் கை உள்ளே போய்விடும். மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றச் சொல்லும் மாளிகைக்கு அந்த வேடத்தில் போகாதீர்கள். ஆளை வசியம் செய்யும் மந்திரம் கலைந்ததும், வசியம் செய்தது நீங்கள்தான் என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று ஒரு சின்ன மந்திரம், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு நிமிடம் வரை ஒருவரிடம் நன்றாகப் பேச உதவும். அது முடிந்தவுடன் மந்திரம் போட்டது தெரிந்து, அவர் உங்களுக்கு விரோதியாகிவிடுவார்.

குகையில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரு நிமிடத்தில் நீங்கள் அடுத்த அறையில் இருப்பீர்கள். நானோ, இருட்டிய பின் ஊருக்குள் வருவதற்காக வடக்கு வாசல் காவல்காரரிடம் அதைப் போட்டேன். கதவு திறந்தது, உள்ளே வந்தோம், சிரித்தோம். பின்னால் அவர் கத்துவது கேட்டது. நான் திரும்பி, குனிந்து வணங்கி, என் முழுப்பெயரையும் பட்டத்தையும் சொல்லிவிட்டு வந்தேன். மாவீரன் அல்லவா.

எட்டாம் படி: மேசை நாகரிகம்

விதிப்புத்தகத்தில் இதற்கு எண் இல்லை, ஆனால் சிரிப்புக் கேரக்டர்கள் நாசமாவது இங்கேதான். கூட்டாளியின் பையில் திருடாதீர்கள். கேட்டால் “என் கேரக்டர் அப்படித்தான்” என்று சொல்லாதீர்கள். அந்தக் கேரக்டரைச் செய்தது நீங்கள். உங்கள் முட்டாள்தனத்தின் செலவு உங்கள் தலையில் விழட்டும். இடிமுழக்கனின் ஆட்டு வாடகையை ஒருநாளும் பொதுப் பணத்திலிருந்து கட்டவில்லை. கட்டவே இல்லை என்பது வேறு விஷயம்.

இன்னொருவர் தன் கேரக்டரின் செத்துப்போன தங்கையைப் பற்றிப் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருங்கள். ஆட்டம் தொடங்கும் முன்னே எல்லாரும் உட்கார்ந்து எதைக் கேலி செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று பேசிவிடுவது நல்லது. கால் மணி நேரம் ஆகும், பல நட்புகள் பிழைக்கும். உங்கள் காட்சி முடிந்ததும் பந்தை அடுத்தவரிடம் கொடுங்கள். “நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நீங்கள் போய் அமைச்சரிடம் பேசுங்கள்” என்பது நான் எட்டு முறையாவது சொன்ன வசனம்.

ஒன்பதாம் படி: சாவது

சாவும் உண்டு. ஹிட் பாயிண்ட் 0 ஆனால் மயங்கி விழுவீர்கள். உங்கள் முறை வரும்போதெல்லாம் டைஸ் உருட்ட வேண்டும். 10-க்கு மேல், 10-ம் சேர்த்து, ஒரு வெற்றி. குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி வந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி வந்தால் போச்சு. 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. 20 விழுந்தால் 1 ஹிட் பாயிண்டோடு கண் விழிப்பீர்கள்.

வடக்கு வாசல் விஷயத்துக்கு நாலு செஷன் கழித்து, ஒரு மயானத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டு ஓடி வந்தோம். பின்னால் பிணந்தின்னிகள். முன்னால் அதே வாசல், சாத்தியிருந்தது. தட்டினேன். மேலே ஒரு சின்ன ஜன்னல் திறந்தது.

“யாரது?”

“நான்தான் இடிமுழக்கன்! கதவைத் திற!”

“ஓ,” என்றது குரல். “நீங்களா.”

ஜன்னல் மூடிக்கொண்டது. டி.எம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, டைஸை மட்டும் நகர்த்தினார். மற்றவர்கள் மதில் ஏறித் தப்பினார்கள். வலிமை 8 வைத்தவனால் ஏற முடியவில்லை. 7, 12, 1. மேசையில் இருந்த எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்படி ஒரு சாவு எனக்கு அதற்கப்புறம் வாய்க்கவில்லை.

செத்தவரை எழுப்பவும் மந்திரம் உண்டு. பத்து நாளுக்குள் செய்ய வேண்டும், 500 தங்கம் பெறும் வைரம் ஒன்று தேவை. என் கூட்டாளிகள் கூடிப் பேசினார்கள். புதிய கேரக்டர் செய்ய எவ்வளவு ஆகும் என்று ஒருவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் டி.எம். கூட்டம் கலைந்தது.

புதிய ஆளைச் செய்யும்போது அதே ஊருக்குள் கொண்டு வாருங்கள். பழையவனுக்குச் சொந்தம் என்று வைக்காதீர்கள், ஊரே அதைப் பார்த்துக்கொள்ளும். நான் இந்த முறை ஒரு துறவியைச் செய்தேன். அமைதியானவர், பெயர்கூட இரண்டே எழுத்து, கையில் மொத்தம் 5 தங்கம். கூட்டாளிகள் வரவேற்பாக அவர் கையில் ஒரு யாழைக் கொடுத்தார்கள். செத்துப்போன நண்பனுடையது, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விடுதிக்குப் போனோம். கல்லாவில் இருந்த அம்மா யாழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து நோட்டை எடுத்தார்.

“தம்பி, இது இடிமுழக்கனோட யாழ்தானே?”

“ஆமாம், அம்மா. ஆனால் நான் அவரைப் பார்த்தது கூட இல்லை.”

“சரி, பார்த்திருக்க மாட்டீங்க,” என்று எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். “இருபத்திரண்டு நாள். நாளுக்கு 5 வெள்ளி. 11 தங்கம் ஆச்சு.”

கொல்லைப்புறத்திலிருந்து ஆடு ஒரு தரம் கத்தியது.